சிரம்பான் தோட்டத்து டாக்டர் குப்புசாமி



போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். தங்கச்சி டாக்டருக்குப் படிப்பதா, வேண்டாமா? எஸ்.டி.பி.எம். தேர்வில் அவள் நல்ல புள்ளிகள் எடுத்துவிட்டாள். முடிவு வந்த அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் போட்டு, நம்ம குடும்பத்தில் முதல் டாக்டர் வரப்போகிறார் என்று வாழ்த்திவிட்டார்கள். இங்கே இடம் கிடைக்காவிட்டால் சேமநிதிப் பணத்தை எடுத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று அப்பா சொல்லிட்டார். அம்மா கோவிலில் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்துட்டாங்க. தங்கச்சி மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை.

ஒரு நாள் ராத்திரி என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அண்ணன் நீங்க மட்டும் ஏன் மருத்துவம் வேண்டாம் என்று பொறியியலுக்குப் போனீங்க என்று கேட்டாள். எனக்கு ரத்தம் பார்த்தால் பயம் என்று சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. தனக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியவில்லை, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதே வாரத்தில்தான் நம் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி ஆசிரியர் குழு அண்ணன் கேட்டார். நான் சுவாமி சிவானந்தரை எடுத்துக்கொண்டேன். சமய வகுப்பில் சின்ன வயதிலிருந்தே அவர் படத்தைப் பார்த்திருக்கிறேன். மொட்டைத் தலை, பெரிய உடம்பு, சிரித்த முகம், காவித் துணி. ரிஷிகேசத்து மகான் என்று மட்டும்தான் தெரியும். படிக்க ஆரம்பித்த பிறகுதான், சந்நியாசி ஆவதற்கு முன் 10 வருடம் நம்ம மலாயாவில் அவர் டாக்டராக வேலை பார்த்தது எனக்கு உறைத்தது. அதுவும் சிரம்பான் பக்கத்தில், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில். அப்போது அவருக்கு நம்மைவிட நாலைந்து வயதுதான் கூட.

ஆகவே இதில் நான் மகானைப் பற்றிக் கொஞ்சமாகவும் டாக்டரைப் பற்றி அதிகமாகவும் எழுதப்போகிறேன். தங்கச்சியின் கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் அப்படி ஆகிவிட்டது.

பத்தமடைப் பையன்

திருநெல்வேலிக்குப் பக்கத்தில், தாமிரபரணி பாயும் பூமியில் பத்தமடை என்ற ஊர் இருக்கிறது. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். அங்கே 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி வெங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மூன்றாவது மகனாகப் பிறந்தவர் குப்புசாமி. அப்பைய தீட்சிதர் என்ற பெரும் பண்டிதரின் வழிவந்த குடும்பம். அப்பா எட்டயபுரம் சமஸ்தானத்தில் தாசில்தார். பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்தான். பையன் அங்கிருந்த ராஜா உயர்நிலைப் பள்ளியில் படித்தான். படிப்பில் முதல், விளையாட்டிலும் சுட்டி, பாட்டும் வரும். பிறகு திருச்சியில் கல்லூரி. அங்கே ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பெண் வேடம் கட்டி நடித்திருக்கிறார். மதுரைத் தமிழ்ச் சங்கத் தேர்வும் எழுதித் தேறினார்.

இப்படிப்பட்ட பையனுக்கு அந்தக் காலத்தில் சுலபமான வழி ஒன்று இருந்தது. ஆங்கிலம் தெரியும், அப்பா உத்தியோகஸ்தர். அரசாங்க வேலையோ வக்கீல் தொழிலோ பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். குப்புசாமி மருத்துவத்தைப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவர் படித்த விதம்தான் என்னை நிறுத்தியது. விடுமுறை விட்டால் மற்ற மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார், ஆஸ்பத்திரியிலேயே கிடப்பார். அறுவை சிகிச்சை அறைக்குள் போய்ப் பார்க்க இவருக்கு அனுமதி இருந்தது. முதல் வருடத்திலேயே கடைசி வருட மாணவர்களின் வினாத்தாளுக்குப் பதில் எழுதக்கூடிய அளவுக்கு வந்துவிட்டாராம். வெறும் மூளையால் மட்டும் இது வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விடுமுறை நாளிலும் அந்த மருந்து வாடைக்குள்ளேயே இருக்க அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கு அந்த வாடை அரை மணி நேரம் தாங்காது. பொறியியல் பட்டறையில் கிரீஸ் வாடையில் நாள் முழுக்க நிற்பேன். தங்கச்சிக்கு நான் மழுப்பிச் சொன்ன பதிலின் உண்மையான பாதி இதுதான்.

100 ரூபாய்ப் பத்திரிகை

இடையில் அப்பா இறந்துபோனார். குடும்பத்தில் பண நெருக்கடி. தஞ்சாவூர்ப் படிப்புக்குப் பிறகு குப்புசாமி 1909-இல் திருச்சியில் ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'அம்ப்ரோஸியா'. அச்சுச் செலவுக்கு அம்மாவிடம் 100 ரூபாய் வாங்கினார். கட்டுரை எழுதுவது, வேறு பெயர்களில் இன்னும் சில கட்டுரைகள் எழுதுவது, சந்தாதாரர்களைப் பிடிப்பது எல்லாமே அவர்தான். ஆங்கில மருத்துவத்தோடு ஆயுர்வேத விஷயங்களையும் அதில் சேர்த்தார். நோய் வருமுன் உடம்பை எப்படிக் காப்பது என்பதை வீட்டில் இருக்கிறவர்களுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். சுமார் 4 வருடம் பத்திரிகை ஓடியது. பின்னால் ஒரு பண்டிகைச் செலவுக்கு அம்மா 150 ரூபாய் கேட்டபோது கொடுப்பதற்கு அவர் கையில் பணம் இருந்தது.

அப்போது அவருக்கு 21, 22 வயது. நம்மில் பலர் அந்த வயதில் கடைசி ஆண்டுத் திட்டப்பணியை எப்படித் தள்ளிப்போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்போம். நானும் அதில் ஒருவன்தான்.

பத்திரிகை வருமானம் போதவில்லை. சென்னையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். மருந்து கலந்து கொடுப்பது, கணக்கு எழுதுவது, வருகிற நோயாளியைக் கவனிப்பது எல்லாம் அங்கே பழகியது. அதன் பிறகுதான் மலாயாவுக்குப் போவது என்று முடிவெடுத்தார். வருடம் 1913.

கப்பலில் பட்டினி

அந்த நேரம் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் காட்டை அழித்து வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த நம் முன்னோர்கள்தான் அந்தக் காட்டில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் முதலில் அவர்களைப் பிடித்தது மலேரியா. குளிர்காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க, தமிழ் பேசத் தெரிந்த ஆள் வேண்டும்.

கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டுவிடும் என்று பலர் நினைத்த காலம் அது. குப்புசாமி 'தாரா' என்ற கப்பலில் ஏறினார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை, கப்பல் சாப்பாட்டில் மாமிசம் கலந்திருக்குமோ என்று பயம். அம்மா செய்து கொடுத்த இனிப்புப் பண்டங்களை மட்டும் தின்றுகொண்டே வந்தார். சிங்கப்பூரில் இறங்கும்போது பாதி உயிர்தான் இருந்ததாம்.

கையில் வேலை கிடையாது. தெரிந்த ஒரு டாக்டரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு சிரம்பானில் டாக்டர் ஹாரல்ட் பார்சன்ஸ் என்பவரைப் போய்ப் பார்த்தார். அவரிடம் வேலை இல்லை. அவர் பக்கத்துத் தோட்டத்து மேனேஜர் ராபின்ஸ் என்பவரிடம் அனுப்பினார். ராபின்ஸ் ஆள் உயரம், பருமன், கோபக்காரர். ஒரு ஆஸ்பத்திரியைத் தனியாக நடத்த முடியுமா என்று கேட்டார். குப்புசாமி யோசிக்கவே இல்லை, மூன்று ஆஸ்பத்திரியைக்கூட நடத்துவேன் என்றார். சம்பளம் மாதம் 150 வெள்ளி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நேர்முகத் தேர்வில் நாம் அடிக்கிற அதே வீறாப்பு. ஆனால் இவர் சொல்லிவிட்டு உண்மையிலேயே போய் நடத்தினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி

அந்த ஆஸ்பத்திரியில் என்ன இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலேரியாவுக்குக் கொய்னா. புண்ணுக்குக் களிம்பு, கட்டுத்துணி. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான். இன்சுலின் முதல்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது 1922-இல். எங்கள் பாட்டி வாரத்துக்கு மூன்று நாள் போகிற டயாலிசிஸ் எல்லாம் யாரும் கனவிலும் காணாதது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் டாக்டரிடம் கொடுப்பதற்கு மருந்து இல்லை. பக்கத்தில் உட்காரலாம், கஞ்சி கொடுக்கலாம், காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்க்கலாம். 1918-இல் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. அந்த வருடம் அவர் இங்கேதான் இருந்தார்.

மருந்து கலப்பது, இருப்புப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, நோயாளியைக் கவனிப்பது என்று எல்லா வேலையும் அவர் தலையில்தான். அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்கிறார்கள். மோசமான நிலையில் இருக்கிறவரின் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருப்பாராம். குணமாகி வீட்டுக்குப் போகிற ஏழைக்கு மருந்தோடு நிறுத்தமாட்டார், தேறுகிற வரைக்கும் சத்தான சாப்பாடு வாங்கிக்கொள்ளத் தன் பையிலிருந்து காசும் கொடுத்து அனுப்புவார். லயத்துக்குத் திரும்புகிற தொழிலாளி மறுநாளே மரம் வெட்டப் போனால்தான் பேர் விழும். உடம்பு தேறாமல் போனால் மறுபடி விழுவார். மருந்துச் சீட்டு மட்டும் எழுதினால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலை தேடி வந்த இளைஞர்களைத் தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பழக்கி, வேறு தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் சேர்த்துவிட்டார். நம் தாத்தாக்கள் டிரசர் என்று சொல்வார்களே, அந்த வேலைக்கு ஆள் உருவாகிற பள்ளிக்கூடம் மாதிரி அவர் ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த 'மலாயா டிரிபியூன்' பத்திரிகைக்கும் எழுதினார்.

இவ்வளவு சொன்னதும் அவர் அப்போதே சாமியார் மாதிரி இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல உடுப்பு என்றால் அவருக்கு உயிர். தங்கம், வெள்ளி, சந்தன மரத்தில் செய்த அலங்காரச் சாமான்களை வாங்கிச் சேர்ப்பார். கடைக்குள் நுழைந்தால் பேரம் பேசவே மாட்டார். சில நாள் பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்டு நிற்பாராம். எனக்கு இந்தக் குப்புசாமியை ரொம்பப் பிடித்துவிட்டது. அழகாய் உடுத்தவும் ஆசை, பக்கத்தில் கிடக்கிறவனுக்குக் கண்விழிக்கவும் மனசு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது.

சிரம்பான் பக்கத்தில் சுமார் 7 வருடம். 1920 வாக்கில் ஜொகூர் பாருவுக்குப் போய் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தில் இன்னும் 3 வருடம் வேலை பார்த்தார். கையில் பணம், ஊரில் மரியாதை, வெள்ளைக்கார டாக்டர்களிடம் நல்ல பேர். நம் வீடுகளில் செட்டில் ஆயிட்டான் என்று சொல்வோமே, அந்த நிலை.

வேலையை விட்டது ஏன்?

1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒரு சாது அவரிடம் கொடுத்த வேதாந்தப் புத்தகம் மனதைத் திருப்பியது என்பார்கள். அது உண்மைதான். அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 10 வருடம் நோயாளிகளின் நடுவில் இருந்தவர் அவர். குணப்படுத்திய உடம்பு மறுபடியும் நோயில் விழுவதைப் பார்த்தார். மருந்தால் தீராத துன்பத்தையும் பார்த்தார். பணக்காரனும் தோட்டக்காரனும் ஒரே மாதிரி பயந்து சாவதையும் பார்த்தார். மருந்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதியை முதலில் படித்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் அப்பாவும் அப்படித்தான். தமிழ் தெரிந்த, ராத்திரியில் கண்விழிக்கிற ஒரு டாக்டர் தோட்டத்து மக்களுக்குக் கிடைப்பது எவ்வளவு அரிது? அவர் தன் ஆன்மாவைத் தேடிப் போய்விட்டார், லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவரை யார் பார்த்தது? சமய வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. துறவு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

நானும் அடுத்த பக்கத்தைப் படித்தேன். பதில் அங்கே கொஞ்சம் இருந்தது.

கங்கைக் கரை மருந்தகம்

இந்தியா திரும்பியவர் வீட்டில் தங்கவில்லை. காசிக்குப் போனார், பிறகு ஊர் ஊராக நடந்தார். மராட்டியப் பக்கத்தில் ஒரு போஸ்ட் மாஸ்டர் வீட்டில் சமையல் வேலைகூடச் செய்தார். பத்து விரலில் மோதிரம் போட்டவர் கரண்டி பிடித்தார். தவம் செய்ய ரிஷிகேசம் நல்ல இடம் என்று அந்தப் போஸ்ட் மாஸ்டர்தான் வழி சொன்னார். 1924 மே 8-ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார். ஜூன் 1-ஆம் தேதி விசுவானந்த சரஸ்வதி சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்றார். டாக்டர் குப்புசாமி அன்றோடு சுவாமி சிவானந்தர் ஆனார்.

பெயரும் துணியும் மாறின. மருந்துப் பை மாறவில்லை. சுவர்க்காசிரமத்தில் தவம் செய்துகொண்டே, சுற்றியிருந்த குடிசைகளில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கிடந்த சாதுக்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். மருந்து கொடுத்தார், கால் பிடித்துவிட்டார், பிச்சை எடுத்து வந்து ஊட்டினார். தன் பழைய காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது அதைக்கொண்டு 1927-இல் லட்சுமண்ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் திறந்தார். பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்.

அங்கே நடந்ததாகச் சீடர்கள் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. பத்ரிநாத் போகிற ஒரு யாத்ரீகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு யோசித்தபோது, அதைவிடப் பொருத்தமான வேறு மருந்து ஞாபகத்துக்கு வந்தது. ஆள் போய்விட்டார், இனி என்ன செய்வது என்று விடவில்லை. மறுநாள் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் 5 மைல் ஓடிப்போய் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

சம்பளம் கிடையாது. மேனேஜர் கிடையாது. யாரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை. அந்த யாத்ரீகர் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. இருந்தாலும் ஓடினார். இந்த 5 மைல்தான் எனக்குப் பதில். அவர் விட்டது உத்தியோகத்தை. வைத்தியத்தை விடவே இல்லை. சிரம்பானில் கண்விழித்த ஆளும் இந்த மலையில் ஓடிய ஆளும் ஒருவர்தான்.

தோட்டத்து மக்கள் ஒரு நல்ல டாக்டரை இழந்தார்கள் என்பது அப்படியேதான் நிற்கிறது. அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் சுயநலத்துக்காக ஓடிப்போனார் என்று இனிமேல் நான் சொல்லமாட்டேன்.

மற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். 1945-இல் ஆயுர்வேத மருந்துச் சாலை. 1948-இல் யோக வேதாந்தப் பயிற்சிக்கூடம். 1950-இல் இந்தியாவும் இலங்கையும் சுற்றி வந்தார். ஆசிரமத்தில் இலவச மருத்துவமனை வளர்ந்தது, கண் சிகிச்சை முகாம்கள் நடந்தன. தொழுநோயாளிகளை ஆசிரமம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. 200-க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். அவற்றில் உடல்நலம், வீட்டு வைத்தியம் பற்றியவையும் உண்டு, 'அம்ப்ரோஸியா' நடத்திய கை அல்லவா! சின்மயானந்தர் சந்நியாசம் பெற்றது அவரிடம்தான். 1963 ஜூலை 14-ஆம் தேதி, தமது 75-ஆவது வயதில் மகாசமாதி அடைந்தார். நம் பத்துமலையில் அவர் பெயரில் ஓர் ஆசிரமம் இன்றும் இருக்கிறது. அடுத்த தடவை மலைக்கோவிலுக்குப் போகும்போது அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

தங்கச்சிக்கு

இதை எல்லாம் படித்துவிட்டு நான் தங்கச்சியிடம் பேசினேன்.

முதலில் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொன்னேன். கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க டாக்டர் இருந்தார். 1901-இல் கிள்ளானிலும் அப்போதுதான் திறந்த துறைமுகத்திலும் மலேரியா கொன்று குவித்தது. வாட்சன் கொய்னா கொடுத்ததோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்தை வடித்து, கால்வாய் வெட்டி, புதரை அழிக்க வைத்தார். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. டாக்டர் கண்டுபிடித்தார், மண்வெட்டி பிடித்தவர்களும் கால்வாய் வெட்டியவர்களும் செய்து முடித்தார்கள். ஆகவே உயிரைக் காப்பாற்ற ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறியியல் படிக்கிற நான் எனக்காகவும் சேர்த்துத்தான் இதைச் சொன்னேன். மருத்துவத்தை விட்டது குற்றம் என்று எனக்குள் ஒரு மூலையில் இத்தனை நாள் இருந்தது.

பிறகு அவள் கேட்ட கேள்விக்கு வந்தேன். பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புள்ளிகளை வைத்துத் தெரியாது. சொந்தக்காரர்கள் வாழ்த்தை வைத்தும் தெரியாது. குப்புசாமி விடுமுறையில் எங்கே இருந்தார் என்று பார். யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில் நீ எங்கே போய் நிற்கிறாய் என்று யோசி. இதைத்தான் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற நாட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கூட்டிப்போனால் பாட்டியை விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் நாலு மணி நேரமும் உள்ளேயே இருக்கிறாள். பக்கத்துப் படுக்கைச் சீனப் பாட்டிக்கு என்னென்ன சாப்பிடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் அளவு மீறிக் குடித்துவிட்டு மறைக்கிற மலாய் மாமா யார் என்று தெரியும். ஒரு நாள் காலியாக இருந்த ஒரு படுக்கையைப் பார்த்துவிட்டு வந்து, அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அதை நான் கவனித்திருந்தேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

அவள் பயமும் அப்போதுதான் வெளியே வந்தது. படிப்பு கஷ்டம் என்பது இல்லை. ஹவுஸ்மென் காலத்தில் தூக்கமில்லை, ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் கிடைக்குமா தெரியாது என்று சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சேமநிதியைக் காலி பண்ணிவிட்டால், அதன் பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட வழியில்லையே என்பதுதான் அவளுடைய பெரிய பயம். குப்புசாமிக்கு வேலையை விட முடிந்தது. கடன்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு முடியுமா? இது நியாயமான கேள்வி. இதற்கு எந்த மகானின் வரலாற்றிலும் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. நாங்களேதான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

பேசினோம். அப்பா, அம்மா, அவள், நான், நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில். சேமநிதியில் கைவைக்க வேண்டாம், உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் மட்டும் மருத்துவம் என்று அவளே சொன்னாள். விண்ணப்பத்தில் முதல் இடத்தில் மருத்துவம் போட்டாள். இரண்டாவது இடத்தில் தாதியர் பட்டப்படிப்பைப் போட்டாள். அப்பா முகம் வாடிப்போனது. இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு நர்ஸா என்று கேட்டார். அந்த நாலு மணி நேரமும் பாட்டி பக்கத்தில் நிற்பது தாதிகள்தானே என்று அவள் கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூன்றாவது இடத்தில் என்ன போட்டாய் என்று மட்டும் கேட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. எது வந்தாலும் அவள் நோயாளி பக்கத்தில்தான் நிற்கப்போகிறாள் என்பது எனக்கு இப்போது தெரியும்.

இந்த இதழைப் படிக்கிற தம்பி தங்கைகளில் பலர் இந்த நேரத்தில் இதே மாதிரி ஒரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். டாக்டர் என்ற பட்டம் வேண்டுமா என்று உங்களைக் கேட்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக மலைப்பாதையில் 5 மைல் ஓட மனசு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இருக்கிறது என்றால் தயங்காமல் போங்கள். இல்லை என்றால் அதில் வெட்கம் இல்லை, கால்வாய் வெட்டவும் ஆள் வேண்டும்.

வரும் புதன்கிழமை பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது என் முறை. இந்தத் தடவை காரில் உட்காரப் போவதில்லை.